கீரிப்பாறை பக்கம் சிறுத்தை பாக்கப் போன கதை

ஜனவரி 17, வெள்ளி – தடிக்காரன்கோணம், கீரிப்பாறை

பெங்களூர்ல இருக்குற சித்தி பையனுக்கு சிறுத்தைப் பைத்தியம். ராஜஸ்தான்ல ஜவாய்னு ஒரு இடம் இருக்காம், சுத்திலும் மொட்டை கிரானைட் குன்றுதானாம், ஜீப்ல கூட்டிட்டுப் போயி பாறை மேல வெயில் காயுற சிறுத்தைய நேராக் காட்டிருவாங்களாம், கீழ ரபாரி இடையர் எல்லாம் செகப்புத் தலப்பா கட்டி ஆடு மேச்சிட்டு இருப்பாங்களாம், அது பாட்டுக்கு அது, இவங்க பாட்டுக்கு இவங்க. போன பொங்கலுக்கே போன்ல படம் படமாக் காட்டி ஒரு வழி பண்ணினான். இந்த வருசம் வந்து இறங்கினதும் "அக்கா, நம்ம மாவட்டத்துலயும் சிறுத்தை உண்டுல்லா, நாகர்கோவில்ல இருந்து ஒரு மணி நேரம் போனா காடு, ஒரு நாளாவது பாக்கப் போயிருக்கியளா"ன்னு கேட்டான். எங்களுக்கு காளிகேசம் ஆறுன்னா குளிக்க, பேச்சிப்பாறை டேம்னா மீன் திங்க. சிறுத்தை பாக்க யார் போவா?

பொங்கல் லீவு ஞாயித்துக்கிழமை வரை கெடக்கு, சரி போவோம்னு கிளம்பியாச்சு. நான், எங்க வீட்டுக்காரர், ஆறாவது படிக்கிற மகன், தம்பி (அந்த சித்தி பையன்தான்), தம்பி பொண்டாட்டி. எஸ்டேட்டுக்குள்ள ஒரு பழைய பங்களாவத் தங்குறதுக்கு விடுறாங்க, ரூம் 3,200, ஜீப்பும் கைடும் ஒரு தடவைக்கு 2,800. ஞாயித்துக்கிழமை கோதையாறும் கூட்டிட்டுப் போறேன்னு ஓனர் போன்ல சொன்னார், அதுக்கு 1,500 அட்வான்ஸ் வாங்கிட்டார். (இத ஞாபகம் வச்சிக்கிடுங்க.)

திட்டுவிளைல வண்டிய நிறுத்தி சாயா குடிச்சோம். சாயா 15, ரசவடை 10. ரசவடைய நாகர்கோவில்க்காரங்க கிட்ட விளக்க வேண்டாம், தம்பி பொண்டாட்டிக்குத்தான் முதல் தடவ, மூணு தின்னுட்டா. கடைக்காரர் எங்க போறியன்னு கேட்டார், சொன்னோம். "சிறுத்தையப் பாக்கவா? இங்க உள்ளவன் பாக்காம வீடு வந்து சேரணும்னு சாமிக்கு நேந்துக்கிடுகான், நீங்க காசு குடுத்துப் போறியளா"ன்னு சிரிச்சுட்டே பாக்கிச் சில்லறைய எண்ணித் தந்தார். மகனுக்கு ஒரு மட்டிப்பழம் சும்மா குடுத்தார்.

தடிக்காரன்கோணம் தாண்டினதும் காத்து மாறிப்போச்சு. ரெண்டு பக்கமும் ரப்பர், இலை எல்லாம் செகப்பாப் பழுத்து உதிர ஆரம்பிச்சிருக்கு, தரை முழுக்க சருகு. மலைல மேகம் கவிஞ்சு கிடந்துச்சு. தை மாசம் மழை இருக்காதுன்னு குடை எடுக்க விடல வீட்டுக்காரர், பங்களா வாசல்ல இறங்கறப்போவே தூறல்.

சாயங்காலம் நாலரைக்கு ஜீப் வந்துச்சு. சஃபாரின்னு சொன்னதும் நான் பச்சை பெயின்ட் அடிச்சு மேல திறந்த வண்டி ஏதோ வரும்னு நினைச்சேன். வந்தது எஸ்டேட்டுக்கு உரமூட்டை ஏத்துற ஜீப், பின்னாடி சீட்டு ரெண்டு பெஞ்சு, ஒரு மூலைல ஒட்டுப்பால் (காஞ்சு ஒட்டிப்போன ரப்பர் பால்) சாக்கு கிடந்த வாடை. ஒட்டுப்பால் வாடை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். டிரைவர் சின்னப் பையன், வாய் மூடாமப் பேசுறான். கைடு காணிப் பழங்குடிக் குடியிருப்புல இருந்து வர்ற ஒரு அண்ணன், அம்பது வயசுக்கு மேல இருக்கும், ரப்பர் செருப்பு, தோள்ல ஒரு துண்டு, கைல வெட்டுக்கத்தி. ஏறும்போதே விசயத்தச் சொல்லிட்டார். சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாமப் போக முடியாது, நாம ஓடுறது எஸ்டேட் ரோட்டுல மட்டும், இருட்டின பொறவு லைட் அடிச்சுத் தேடுற வேலையே கிடையாது. சிறுத்தை வந்தா வருகு, வரலன்னா ரூபா திரும்பக் கிடையாது. எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சுப் போச்சு.

மொத்தக் காடும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம்தான், 2008ல அறிவிச்சது, 402 சதுர கிலோமீட்டர் சொச்சம், ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் கேரளா நெய்யாறு சரணாலயம். அதனால மிருகத்துக்கு எஸ்டேட் எது காடு எதுன்னு கணக்கு இல்ல, எல்லாம் ஒரே நடைபாதை.

பாத்தது: ஒரு மலை அணில், செகப்பும் கருப்புமா, வாலே ஒரு முழம். கருமந்திக் குரங்குக் கூட்டம். மிளா மான் ஒண்ணு தூரத்துல கத்தினது கேட்டுச்சு, பாக்கல. அப்புறம் ரத்தம் குடிக்கிற அட்டை. அட்டைய எண்ண முடியாது. தம்பி பொண்டாட்டி சென்ட் அடிச்சுட்டு வந்திருந்தா, கைடு அண்ணன் ரெண்டு தடவ தும்மிட்டு, "நாளைக்கு இது வேண்டாம் மக்களே, நம்ம வருகோம்னு அதுக்கு இப்பவே தெரிஞ்சாச்சு"ன்னு மட்டும் சொன்னார்.

ராத்திரி சாப்பாடு சம்பா அரிசிச் சோறு, மீன் புளிமுளம், பயறுத் தோரன், அவிச்ச மரச்சீனி. சமைக்கிற அம்மா பக்கத்துலயே நின்னு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு போட்டுட்டே இருந்தாங்க, வேண்டாம்னா முகம் வாடிப்போகுது. ஆளுக்கு 180 ரூபாய்க்கு இது ரொம்பக் குறைவு. போன் டவர் இல்ல, இத வாசல் படில ஒரு கோடு சிக்னல் வர்ற இடத்துல நின்னு போடுறேன்.

ஜனவரி 18, சனி – பால்வெட்டும் காளிகேசமும் மாறாமலை ரோடும்

நாலு மணிக்கு எழுப்பிட்டாங்க. குளிர் நல்லா இருந்துச்சு, ஊட்டி அளவுக்கு இல்ல, ஆனா நாகர்கோவில் உடம்புக்கு அதுவே போதும். வீட்டுக்காரர் போர்வையோட ஜீப்ல ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும் மரத்துக்கு நடுவுல சின்னச் சின்ன வெளிச்சம் அங்கங்க நகருது. ரப்பர் பால்வெட்டுக்காரங்க. நெத்தில லைட்டக் கட்டிட்டு, ஒவ்வொரு மரமாப் போயி, கத்தி வச்சு ஒரு இழை பட்டைய சீவி விட்டு, சிரட்டைய நேராக்கி வச்சிட்டு அடுத்த மரம். வெயில் ஏறினா பால் ஒழுக்கு குறைஞ்சிரும், அதான் இந்த நேரத்துல. ஒரு அக்கா தனியா நின்னு வெட்டிட்டு இருந்தாங்க, சத்தமா ஜெபம் பண்ணிட்டே. எங்க ஜீப்பப் பாத்ததும் நிறுத்திட்டு, "யாரு, டவுன்காரங்களா"ன்னு கேட்டாங்க.

அந்த அக்கா கிட்ட அரை மணி நேரம் நின்னோம், இந்த ரெண்டு நாள்ல உருப்படியா கேட்டது அதுதான். சத்தமா ஜெபம் பண்றது பக்திக்கும் ஆச்சு, பாதுகாப்புக்கும் ஆச்சாம். "நாம வருகது அதுக்குத் தெரிஞ்சா அது மாறிப் போயிரும். சத்தமே இல்லாமப் போயி மோதிட்டாத்தான் வம்பு. சிறுத்தை கூட பரவால்ல, ஆனைதான் சொல்லவே வேண்டாம்." எத்தன தடவ பாத்திருக்கியன்னு தம்பி கேட்டான். எண்ணல்லியேன்னாங்க. லைட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு கண்ணு மின்னும், செத்த நேரம் நிக்கும், பொறவு இருக்காது. போன சித்திரைல வீட்டு வராந்தாவுல கெடந்த நாயத் தூக்கிட்டுப் போயிட்டாம், குரைக்கவே இல்லியாம், காலைல சங்கிலி மட்டும் கெடந்துச்சாம். இப்போ ஒரு குட்டி வளக்குறாங்க, அது ராத்திரி கட்டிலுக்கு அடில தான் படுக்கும்.

தம்பி உடனே கணக்குச் சொல்ல ஆரம்பிச்சான். 2022 கணக்கெடுப்புல இந்தியா முழுக்க 13,874 சிறுத்தை, தமிழ்நாட்டுல 1,070, அத 2024 பிப்ரவரில அரசாங்கம் வெளியிட்டுச்சு, அப்படி இப்படின்னு. அக்கா பொறுமையா கேட்டுட்டு, "அதுல எங்க நாயப் பிடிச்சதும் சேத்தியா"ன்னு கேட்டாங்க. டிரைவர் பையன் சிரிச்ச சிரிப்புல கருமந்தி ஒண்ணு மேல முழிச்சுக்கிட்டு குதிச்சுது.

ஃபிளாஸ்க்ல இருந்து கருப்பட்டிக் காப்பி எங்களுக்கும் ஊத்திக் குடுத்தாங்க. அவங்களுக்கு இருந்ததே ரெண்டு டம்ளர். காசு குடுக்கப் போனேன், கைய இழுத்துக்கிட்டாங்க. இன்னும் ரெண்டு மூணு வாரத்துல இலை எல்லாம் உதிர்ந்ததும் வெட்டு நின்னுரும், பொறவு தளிர் வந்து முத்துற வரை வேற கூலி வேலைதான்.

விடிஞ்ச பிறகு கைடு அண்ணன் ஒரு ஓடைக்கரைல வண்டிய நிறுத்தச் சொல்லி சேத்துல தடம் காட்டினார். மகன் நாய்த்தடம்னான். இல்ல, நாய்னா நகம் பதியும், இதுல நகம் இல்ல பாத்தியான்னார். நடக்கும்போது நகத்த உள்ள இழுத்து வச்சிருக்கும். உள்ளங்கால் பின்பக்கம் மூணு புடைப்பு. பக்கத்துலயே மண்ணக் காலால பறிச்சுப் போட்டிருந்துச்சு, இது எனக்க இடம்னு எழுதி வைக்கிறதாம். கொஞ்சம் தள்ளி எச்சம், குச்சி வச்சுக் கிளறினார், முழுக்க ரோமம். என்ன ரோமம்னு கேட்டேன். "மந்தி. நாயும் இருக்கும்"னார். எனக்கு அந்த அக்காவோட நாய் நினைவு வந்துருச்சு, நல்லவேளை நேத்து பிடிச்சது இல்ல.

ஜவாய்ல ஏன் அவ்வளவு ஈசியாத் தெரியுது இங்க ஏன் தெரியலன்னு அங்க நின்னுதான் எனக்குப் புரிஞ்சுது. அங்க மரமே இல்ல, பாறையும் முள்ளும், எங்க படுத்தாலும் தெரியும். இங்க பத்தடிக்கு அந்தப் பக்கம் ஆனை நின்னாலே தெரியாது. ஈற்றை (மூங்கில் மாதிரி நாணல்), கொடி, புதர். இந்தக் காட்டுல ஜீப்ப வச்சு சிறுத்தை பாக்க முடியாது, நெத்தி லைட்டு வச்சிருக்கிறவங்களுக்குத்தான் தெரியும், அவங்களுக்கோ பாக்க ஆசை இல்ல. தம்பி கிட்ட சொன்னேன், சாயங்காலம் பாருங்கன்னான்.

காலைல புட்டும் பயறும் பப்படமும், 60 ரூபா. அப்புறம் காளிகேசம் போனோம். லீவு நாள், கூட்டம் சொல்ல முடியாது. காளி கோயில் பக்கத்துல ஆத்துல தண்ணி ஐஸ். வாசல்லயே பிளாஸ்டிக் செக் பண்றாங்க, நல்ல விசயம், ஆனா எங்க முன்னாடி போன குடும்பம் சிப்ஸ் பாக்கெட்ட சேலை மடிப்புல ஒளிச்சுக் கொண்டு போனத நான் கண்ணால பாத்தேன். குளிச்சுட்டு ஏறும்போது மழை பிடிச்சுது. தூறல் இல்ல, மழை. குடை இல்ல. வீட்டுக்காரரப் பாத்தேன், அவர் மலையப் பாத்துட்டு இருந்தார்.

மூணு மணி வரை பங்களா திண்ணைல உக்காந்து முந்திரிக்கொத்து தின்னுட்டு இருந்தோம். மழை விட்டதும் ஜீப் மாறாமலை ரோட்டுல ஏறிச்சு. ரோடுன்னு சொல்றது மரியாதைக்கு. கல்லும் பள்ளமும், ஒரு ஏத்தத்துல வீல் சுத்துது, வண்டி நகரல, பின்னாடி போகுது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தம்பியோட புது ஷூ, என் சுடிதார், எல்லாம் செம்மண். கைடு அண்ணன் அமைதியா ரெண்டு கல்லத் தூக்கி வீலுக்கு அடில போட்டு, "இப்பம் எடு"ன்னார், வண்டி ஏறிருச்சு. அத முதல்லயே செஞ்சிருக்கலாமேன்னு கேக்கத் தோணிச்சு, கேக்கல.

மேல கிராம்புத் தோட்டம். கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கு, அதுல பெரும்பகுதி இந்த மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைப் பக்கம்தான். பறிக்கிற சீசன், காயப்போட்டதெல்லாம் மழைக்கு அள்ளி உள்ள வச்சிருந்தாங்க, அந்த வாசம் ரோடு வரைக்கும். அங்க ஒரு வளைவுல இஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லிட்டார். எதிர்ல ஒரு பள்ளம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஈற்றைக்காடு, அதுக்கு மேல ஒரு பெரிய பாறை. சும்மா இருங்க. இருந்தோம். அட்டை ஏறுது, கைய அசைக்கக் கூடாது. அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. டிரைவர் பையன் கூட பேசல, அதுவே அதிசயம்.

அப்போ அந்தப் பக்கம் இருந்து மரம் அறுக்குற மாதிரி ஒரு சத்தம். கர்ர், கர்ர்னு விட்டு விட்டு. யாரோ வாள் வச்சு அறுக்கிறாங்கன்னுதான் நினைச்சேன். கைடு அண்ணன் விரல மட்டும் தூக்கினார். கருமந்தி ஒண்ணு கத்த ஆரம்பிச்சுது, அப்புறம் எல்லாம். பாறையக் காட்டினார். எனக்கு வெறும் பாறை. தம்பி பைனாகுலர எடுத்து வச்சுட்டு மூச்சே விடல. "இருக்கு அக்கா, படுத்திருக்கு, காது ஆடுது." அடுத்து மகன் வாங்கினான், அவன் ரொம்ப நேரம் தரல. அடுத்து தம்பி பொண்டாட்டி. எங்க வீட்டுக்காரர் பெருந்தன்மையா "நீ பாரு"ன்னு எனக்கு விட்டார். நான் கண்ணுல வச்சு, ஃபோகஸ் திருப்பி, பாறை தெளிவாத் தெரிஞ்ச நேரத்துல அது எழுந்துருச்சு. பின்னங்கால் ரெண்டு, புள்ளி விழுந்த இடுப்பு, நீளமா ஒரு வால், நுனி மேல வளைஞ்சு. ஈற்றைக்குள்ள போயிருச்சு. மொத்தம் ரெண்டு மூணு செகண்டு இருக்கும். முகத்தப் பாக்கல. வீட்டுக்காரர் கைக்கு பைனாகுலர் போனப்போ ஈற்றை ஆடினது மட்டும்தான்.

தம்பி காமிராவ எடுக்கவே இல்ல, பைனாகுலர்லயே நின்னுட்டான். ஜவாய்ல நூத்துக்கணக்கா படம் எடுத்தவன். கேட்டா, ஒண்ணும் பேசல.

இறங்கும்போது கைடு அண்ணன் கொஞ்சம் பேசினார். 2023 ஜூன்ல தேனிப் பக்கம் பிடிச்ச அரிக்கொம்பன் ஆனைய மேல் கோதையாறு காட்டுல கொண்டு விட்டப்போ கீழ குடியிருப்புல ராத்திரி யாரும் உறங்கலியாம். அந்த வருசமே பேச்சிப்பாறைப் பக்கம் சிற்றாறுல ஒரு புலி ஆடு மாட்ட அடிச்சுட்டு இருந்துச்சு, அப்பவும் அப்படித்தான். "சிறுத்தைக்கு யாரும் உறங்காம இருக்கது இல்ல. அது எப்பவும் உள்ளதுதானே"ன்னார். நான் 500 ரூபா தனியாக் குடுத்தேன், வாங்கிட்டு எண்ணாம மடில வச்சார்.

ராத்திரி பொரோட்டா, நாடன் கோழி. வீட்டுக்காரர் சாப்பிடும்போது மெதுவா ஆரம்பிச்சார், அது சிறுத்தையா இல்ல காட்டுப்பூனையான்னு. மகன் கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

ஜனவரி 19, ஞாயிறு – பேச்சிப்பாறை, வீடு

கோதையாறு போகல. காலைல எட்டு மணிக்கு ஓனர் வந்து, மேல வெளி வண்டி போக அனுமதி வேணும், கிடைக்கல, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்னு சாவகாசமாச் சொல்றார். அனுமதி வேணும்ங்கிறது நியாயம், அதக் குறை சொல்லல. காசு வாங்கும்போது தெரியாதா? 1,500 அட்வான்ஸக் கேட்டா, அது ஜீப் டீசலுக்குப் போச்சுங்கிறார். போகாத ஜீப்புக்கு எந்த டீசல்? முக்கா மணி நேரம் வாக்குவாதம். கடைசில சமைக்கிற அம்மா உள்ள இருந்து வந்து, "பிள்ளைய பொங்கலும் அதுவுமா வந்திருக்கு, குடுத்து விடுங்க"ன்னு சொன்ன பொறவுதான் 1,000 திரும்ப வந்துச்சு. 500 போனது போனதுதான். அந்த அம்மா மகன் கைல ஒரு பொட்டலம் நேந்திரங்கா சிப்ஸ் குடுத்தாங்க, அதுக்கும் சேத்து அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

எங்க வண்டிலயே அருமநல்லூர், சுருளோடு வழி பேச்சிப்பாறை. வெயில் அடிச்சுது, நேத்து மழை பெஞ்சதுக்கு அடையாளமே இல்ல. டேம்ல தண்ணி நல்லா இருந்துச்சு. குமரிக்காரனுக்கு காலைல பேப்பர எடுத்தா முதல்ல பேச்சிப்பாறை 48 அடில எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடில எவ்வளவுன்னு பாக்குற வழக்கம், நேர்ல நின்னா அந்த எண் எல்லாம் தண்ணியாத் தெரியுறது ஒரு சந்தோசம். 1897ல ஆரம்பிச்சு 1906ல முடிச்ச அணை, திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டின இஞ்சினியர் மிஞ்சின் துரை கல்லறை இங்கயே இருக்கு. மகன் அங்க நின்னு படிச்சுட்டு, இவர் சிறுத்தை பாத்திருப்பாரான்னு கேட்டான். ஒம்பது வருசம் இந்தக் காட்டுல வேலை நடந்திருக்கு, பாக்காம எப்படி.

மத்தியானம் டேம் மீன் பொரிச்சது, ஒரு துண்டு 80, சோறு 70. மசாலா ஜாஸ்தி, மீன் நல்ல மீன். பக்கத்து டேபிள்ல ஒரு பெரியவர் எங்க செம்மண் கோலத்தப் பாத்து என்ன ஏதுன்னு விசாரிச்சார். மகன் மூச்சு விடாமச் சொன்னான். பெரியவர் தலைய ஆட்டிட்டு, "கொள்ளாம். ஆனா இத வெளிய சொல்லாண்டாம் மக்கா, இடத்தச் சொன்னா கூட்டம் கூடிரும்"னார். அதனாலதான் அந்த வளைவு எதுன்னு நான் இங்க எழுதல, கமென்ட்ல கேக்காதீங்க.

போறவங்களுக்கு ரெண்டு விசயம் மட்டும். உப்பும் மூக்குப்பொடியும் எடுத்துட்டுப் போங்க, அட்டைக்கு. பைனாகுலர் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, குடும்பத்துல சண்டை வராம இருக்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. தம்பியும் பொண்டாட்டியும் ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிட்டாங்க. நான் செம்மண் துணிய ஊறப்போட்டுட்டு ஹாலுக்கு வந்தா, வீட்டுக்காரர் அவரோட ஆபீஸ் ஃபிரண்டு கூட போன்ல, "ஆமாங்கேன், நல்லா ரெண்டு நிமிசம் நின்னு பாத்தோம், நேரா எங்களத்தான் பாத்துட்டு இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு இருக்கார்.